கம்மல் கல்லில் ஒரு கோடு

கிரேன் ஓட்டும் பெண்ணின் கம்மல் கல் ஒரு படத்தில் புள்ளியாக இருந்தது. இன்னொரு படத்தில் கோடாக இருந்தது.

இரண்டும் ஒரே நாளில் கால் மணி நேர இடைவெளியில் எடுத்தவை. ஒரே கேமரா, ஒரே லென்ஸ், எடுத்ததும் ஒரே ஆள். கம்மலைக் கழற்றி மாட்டக்கூட இடையில் நேரம் இருந்திருக்காது. முதலில் எடுத்தது ஜன்னல் அறையில். தொழிற்சாலையின் வாசல் கூடத்தில் எட்டடி உயரத்துக்குத் தொங்கப் போவது. மற்றது, "வந்ததுதான் வந்தேன், லைசென்சுக்கு ஒண்ணு எடுத்து விட்டுருங்க" என்று அவள் கேட்டதற்காக முன்பக்கச் சின்ன அறையில் எடுத்த, தீப்பெட்டியில் பாதி அளவுப் படம். எட்டடிக்குப் போகிற படத்தில் கல் இழுபட்டிருந்தது. தீப்பெட்டிக்குப் போகிற படத்தில் குண்டூசி முனை மாதிரி நின்றது.

பிரிண்ட் அக்கா திரையைத் துணியால் துடைத்துப் பார்த்தாள். தன் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் பார்த்தாள். கோடு போகவில்லை. மேல் இடது பக்கத்திலிருந்து கீழ் வலது பக்கமாகச் சரிந்து, உடைந்த அரிசி போலக் கிடந்தது.

அந்த ஸ்டுடியோவில் படம் எடுப்பது அவள் கணவர். எடுத்ததைக் கணினியில் திருத்தி, பிரிண்ட் போட்டு, வெட்டி, உறையில் போட்டுக் கொடுப்பது அவள். அதனால் வருகிறவர்களுக்கு அவள் பிரிண்ட் அக்கா. கணவருக்கும் ஒரு பட்டப்பெயர் உண்டு, ஸ்டாண்டு. கேமராவைப் பூட்டி நிறுத்துகிற முக்காலியைத் தொழிலில் அப்படித்தான் சொல்வார்கள். அவரிடம் அந்த முக்காலி மட்டும் கிடையாது. இருபத்தாறு வருஷத்தில் வாங்கவே இல்லை. முழங்கைகளை விலாவோடு அணைத்து, பாதி மூச்சை விட்டு மீதியைப் பிடித்துக்கொண்டு, ஜன்னல் வெளிச்சத்தில் ஷட்டரை அறுபதில் வைத்து எடுப்பார். அறுபது என்றால், ஒரு வினாடியை அறுபதாகப் பிரித்தால் வருகிற ஒரு பங்கு நேரம் கேமராவின் கதவு திறந்திருக்கும். அந்த நேரத்துக்குள் யார் கையும் மயிரிழையாவது அசையும். அவர் கை அசையாது. முக்காலி விற்க யாராவது வந்தால், "கடைக்கு ஒரு ஸ்டாண்டு போதும்ப்பா" என்று தன் நெஞ்சைத் தட்டிக் காட்டி அனுப்பிவிடுவார்.

தொழிற்சாலையில் நாற்பது தொழிலாளர்களின் முகங்களை எடுக்கச் சொல்லியிருந்தார்கள். முதல் ஆறு பேருடைய படங்கள் போயின. ஆறும் திரும்பி வந்துவிட்டன. படங்களை அச்சடித்து மாட்டப்போகும் கம்பெனியிலிருந்து பேனல்காரர் போன் செய்தார்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. நூறு பர்சென்ட்ல பார்த்தோம், ஓரமெல்லாம் இழுத்திருக்கு."

நூறு பர்சென்ட் என்றால், கேமரா பதிந்த ஒவ்வொரு புள்ளிக்கும் திரையில் ஒரு புள்ளி ஒதுக்கிப் பார்ப்பது. அறுபது மெகாபிக்சல் படத்தை அப்படித் திறந்தால் எந்தத் திரைக்குள்ளும் அடங்காது. பெரிய அறையைச் சாவித்துவாரம் வழியாகப் பார்ப்பதுபோல ஒரு கண், ஒரு காது என்று நகர்த்தி நகர்த்தித்தான் பார்க்க வேண்டும்.

"எட்டடி படத்த யாருங்க மூக்க ஒட்டி வெச்சுப் பார்க்கப்போறாங்க?" என்றாள் அவள்.

"யாரும் பார்க்கமாட்டாங்க. எங்க மேனேஜர் பார்ப்பாரு. அவர்கிட்ட ஒரு பாரம் இருக்கு. அதுல நூறு பர்சென்ட்ல தெளிவான்னு ஒரு கட்டம். டிக் போடாம அடுத்த கட்டத்துக்குப் போகமாட்டாரு."

"கொஞ்சம் சின்னதாக்கி அனுப்பட்டுமா? பாதியாக்கினா கோடு தெரியாது."

"அறுபது மெகாபிக்சலுக்குக் கீழ போனா சிஸ்டமே உள்ள வாங்காதுக்கா. வியாழக்கிழமை அந்த ஆறு பேரையும் மறுபடி வேன்ல அனுப்பறோம். அன்னிக்காவது சரியா வரணும். இல்லேன்னா வேற ஸ்டுடியோவுக்குக் குடுத்துருவாங்க." கொஞ்சம் நிறுத்திச் சொன்னார்: "எனக்கு சாரோட வெளிச்சம்தான் பிடிச்சிருக்கு. அதுக்காகத்தான் நானே உங்க பேரச் சொன்னேன். பிளாஷ் அடிச்ச மூஞ்சி வேணாம். அந்த ஜன்னல் வெளிச்சமே இருக்கட்டும். ஆனா தெளிவா இருக்கட்டும்."

போனை வைத்துவிட்டுத் திரும்பினாள். கணவர் கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"என்னவாம்?"

"மறுபடி எடுக்கணுமாம்."

"மழை வெளிச்சம், அதான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். மூன்று வாரமாக மழை விடவில்லை. ஜன்னல் அறைக்கு வெளியே, பக்கத்துக் கட்டடத்துக்கும் இவர்கள் சுவருக்கும் நடுவே ஒரு சந்து. மேலே தகரம் போட்டது. தகரத்தில் மழை கொட்டுகிற சத்தத்தில் வீட்டுக்குள் எல்லோரும் ஒரு சுருதி கூட்டித்தான் பேச வேண்டியிருந்தது.

*

மறுநாள் அவளுடைய தம்பி வந்தான். கேமரா கடையில் வேலை. இந்த அறுபது மெகாபிக்சல் புதுக் கேமராவை வாங்க வைத்தவனும் அவன்தான். நனைந்த சட்டையோடு மேசையருகே உட்கார்ந்து, கோட்டையும் புள்ளியையும் மாறி மாறிப் பார்த்தான்.

"போகஸ் தப்பல. தப்பியிருந்தா புள்ளி வட்டமா ஊதும். இப்படி நீளாது. உக்கார்ந்தவங்க அசைஞ்சிருப்பாங்க."

"ஆறு பேருமா? எல்லார் படத்துலயும் ஒரே சாய்வுடா. பாரு, இவர் சட்டை பட்டன். இவர் கண்ணாடி ஆணி. எல்லாம் இந்தப் பக்கமே சரியுது. ஆறு பேரும் பேசி வெச்சுக்கிட்டா தலைய ஆட்டினாங்க?"

"அப்போ லென்ஸுக்குள்ள ஏதாவது லூசா இருக்கும். மாற்றித் தந்துடலாம்."

அவர்கள் பேச்சில் ஒரு சாத்தியம் மட்டும் வரவில்லை. மறைத்தார்கள் என்றில்லை, தோன்றவில்லை. கடிகாரம் தப்பாக ஓடினால் சூரியனைச் சந்தேகிப்பார்களா? அது மாதிரி. அவர் ஸ்டாண்டு.

தம்பி ஒரு பத்து கிலோ அரிசி மூட்டையைத் தூக்கி வந்து மேசையில் வைத்தான். அதில் பள்ளம் பண்ணிக் கேமராவைப் புதைத்தான். எதிரே சுவரில் செய்தித்தாள் ஒட்டி, தானாக எடுக்கும்படி பத்து வினாடி வைத்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டான். படத்தைத் திறந்தார்கள். எழுத்தின் முனைகள் பிளேடால் கீறினதுபோல் இருந்தன.

"லென்ஸ் நல்லாயிருக்கு" என்றான் தம்பி. குரலில் சந்தோஷமில்லை. "கேமராவும் நல்லாயிருக்கு."

வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்த ஸ்டாண்டு சிரித்தார். "என்ன மாப்ளை, அரிசி மூட்டை நம்மள விட நல்லா எடுக்குது போல. நாளைலேருந்து அதையே கல்யாணத்துக்கு அனுப்பிடலாமா?"

"போங்க மாமா" என்றான் தம்பி. ஆனால் அவர் முகத்தைப் பார்க்கவில்லை. அவருடைய வலது கையைப் பார்த்தான். அது பேன்ட் பைக்குள் இருந்தது.

சாப்பிடும்போது அவன் சோற்றில் முட்டைப் பொரியலைப் பிசைந்தபடி இருந்தான். ஸ்டாண்டுதான் பேசினார், வழக்கத்துக்கு மேலேயே.

"பழைய கேமராவோட பன்னெண்டு மெகாபிக்சல்ல என்ன குறை இருந்துச்சு? ஆறடி தள்ளி நின்னு பார்க்கறவனுக்கு அங்குலத்துக்கு அம்பது புள்ளி இருந்தா போதும், அதுக்கு மேல கண்ணாலயே பிரிக்க முடியாது. எட்டடிக்குக் கணக்குப் போட்டுப் பாரு. பழைய கேமராவே ஏறக்குறைய வந்துடும்."

"அப்புறம் ஏன் மாமா வாங்கினீங்க?" தம்பி சாதாரணமாகத்தான் கேட்டான்.

"நீதானே நச்சரிச்ச."

"பத்து வருஷமா நச்சரிச்சிருக்கேன். இந்தத் தடவைதான் ஒரே வார்த்தைல சரின்னீங்க."

ஸ்டாண்டு தண்ணீர் குடிக்க எழுந்துபோனார். சமையலறையில் நின்றே குடித்தார்.

தம்பி கிளம்பும்போது வாசலில் குடையை விரித்தபடி அவளிடம், "அக்கா, பழைய படமெல்லாம் வெச்சிருக்கல்ல?" என்றான்.

"எல்லாம் இருக்கு. ஏன்?"

"சும்மாதான்." குடை விரிந்தது. "ஒரு தடவ பாரு."

*

மதியம் ஸ்டாண்டு அடையாள அட்டைப் படங்களைக் கொடுக்கப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தார். அவள் பழைய படங்களின் பெட்டியைத் திறந்தாள். எதைத் தேடுகிறாள் என்று அவளுக்கே சரியாகத் தெரியவில்லை. ஜன்னல் அறையில் எடுத்ததா, எங்கேயாவது மின்னுகிற பொருள் இருக்கிறதா, இவ்வளவுதான் தேடல். கம்மல், சட்டைப் பொத்தான், பேனா மூடி.

ஐந்து வருஷத்துக்கு முந்தைய படம், ஒரு தபால்காரர். சட்டைப் பையில் பேனா. மூடியின் மினுக்கம் ஒரே ஒரு புள்ளி. நான்கு வருஷம், புள்ளி. மூன்றாவது வருஷமும் புள்ளி. இரண்டு வருஷத்துக்கு முந்தைய மழைக்காலத்தில் ஒரு டீச்சர். கம்மல் கல் ஒரு புள்ளி, அதன் கீழ் வலது பக்கத்தில் சாம்பல் நிறமாக இன்னொரு அரைப் புள்ளி. அவள் பார்வையை நெருக்கினாள். போன வருஷம், இரண்டு முழுப் புள்ளிகள். இந்த வருஷத் தொடக்கம், இரண்டரை. எல்லாம் அதே சாய்வு. ஷட்டரை அழுத்தும்போது வலது கை கீழே இறங்குகிற சாய்வு.

பன்னிரண்டு மெகாபிக்சல் ஐந்து மடங்காகி அறுபது ஆனது என்றால் நீளத்திலும் ஐந்து மடங்கு என்று பலரும் நினைப்பார்கள். ஒரு துணியை நீளத்தில் இரண்டு மடங்கு, அகலத்தில் இரண்டு மடங்கு ஆக்கினால் பரப்பு நாலு மடங்காகிவிடுகிறதல்லவா? அதேபோல் புள்ளி ஐந்து மடங்காக, நீளத்தில் இரண்டே கால் மடங்கு போதும். பழைய கேமராவின் இரண்டரைப் புள்ளி புதியதில் ஐந்தரைப் புள்ளி. அவள் கிரேன்காரியின் கம்மலில் எண்ணினாள். ஐந்து முழுசு, நுனியில் ஒரு மங்கல்.

கணக்கு சரியாக வந்தது. அது சரியாக வந்ததுதான் தாங்கவில்லை. எங்கேயாவது ஒரு புள்ளி இடித்திருந்தால் வேறு காரணம் என்று சொல்லியிருக்கலாம்.

பிறகு ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. டீயை அரை டம்ளர் போதும் என்று அவர் சொல்ல ஆரம்பித்தது. சர்க்கரைக்குப் பயப்படுகிறார் என்று அவள் நினைத்திருந்தாள். பொத்தான் வைத்த சட்டைகளை விட்டுத் தலைவழியாக மாட்டும் பனியன் சட்டைக்கு மாறியது, "இந்த வயசுல ஸ்டைலா?" என்று அவள் கிண்டல் செய்திருந்தாள். ஆட்களை முன்பக்கச் சின்ன அறைக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. சோம்பல் என்று நினைத்திருந்தாள். ஒரே வீட்டில், ஒரே படுக்கையில், இரண்டு வருஷம். அவள் கண்ணில் படாதது ஒரு டீச்சரின் கம்மலில் பட்டிருந்தது.

அவர் திரும்பி வந்தபோது குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் திரையை அணைக்கவில்லை.

"எப்பலேருந்துங்க?" என்றாள்.

"எது?"

அவள் நாற்காலியை நகர்த்தி இடம் விட்டாள். டீச்சர், போன வருஷம், இந்த வருஷம், கிரேன்காரி என்று நான்கு கம்மல்கள் திரையில் வரிசையாக இருந்தன. அவர் நின்றபடியே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் உட்கார்ந்தார்.

"இந்த டீச்சர் எந்த வருஷம்?"

"ரெண்டு வருஷம் ஆச்சு."

"நான் போன வருஷம்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றார். "எனக்கு முன்னாடியே இதுக்குத் தெரிஞ்சிருக்கு."

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"மூணு மாசம் முன்னாடி. அந்தக் கல்யாண வேலைன்னு சொல்லிட்டுப் போனேன்ல, அன்னிக்கு. பேனாவக் குடுத்து ஒரு சுருள் வரையச் சொன்னாரு. கொசுவத்தி மாதிரி. வரைஞ்சேன். அவர் பார்த்தாரு, நானும் பார்த்தேன். நான் வாழ்நாள் பூரா கோடு நேரா இருக்கா கோணையா இருக்கான்னு பார்த்தவன். அவர் வாயத் திறக்கவேண்டிய தேவையே இல்லாமப் போச்சு."

"என்னதான் சொன்னாரு?"

"மாத்திரை இருக்காம். மெதுவாக்குமாம். நிக்காதாம்."

தகரத்தில் மழை கூடிக் குறைந்தது. அவளுக்குக் கோபமா அழுகையா என்று தெரியவில்லை.

"எங்கிட்ட சொல்றதுக்கு என்னங்க?"

"என்னன்னு சொல்ல? ஸ்டாண்டு ஆடுதுன்னா?" சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. "சொன்னா நீ பார்க்க ஆரம்பிச்சிடுவ. டம்ளர எடுக்கும்போதெல்லாம் பார்ப்ப. இப்பப் பார்க்கற பாரு, இந்த மாதிரி."

அவள் அவர் கையிலிருந்து பார்வையை எடுத்தாள். எடுத்த பிறகு எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

"கேமரா எதுக்கு அப்போ? பன்னெண்டே ஜாஸ்தின்னு சொன்ன மனுஷன்."

"அதுக்குள்ள கை ஆட்டத்தத் தாங்கற வித்தை இருக்குன்னு உன் தம்பி சொன்னான். படம் விழற அந்தத் தகடே உள்ள மிதந்துக்கிட்டிருக்கும். கை இப்படிப் போனா அது அப்படிப் போகும். அறுபது மெகாபிக்சல யாரு கேட்டா? எனக்கு அந்த வித்தை மட்டும் வேணும். அது தனியா விக்கறதில்ல." அவர் கோட்டைத் தொட்டுக் காட்டினார், விரல் திரையில் லேசாகத் தட்டிக்கொண்டே இருந்தது. "தாங்கத்தான் செய்யுது. தாங்க முடிஞ்ச அளவுக்குத் தாங்கிட்டு, மிச்சத்த அஞ்சு மடங்கு புள்ளி போட்டு ஊருக்குக் காட்டிக் குடுக்குது. பழசு நல்லது. அதுக்குக் கண்ணு கொஞ்சம் மங்கல். வீட்டு மனுஷங்க மாதிரி."

*

புதன்கிழமை காலையில் தம்பி ஒரு முக்காலியைக் கொண்டுவந்து ஜன்னல் அறையில் வைத்துவிட்டுப் போனான். இரண்டு ஸ்டாண்டுகளும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன.

பக்கத்துக் கடைத் தையல்காரியைக் கூப்பிட்டு உட்கார வைத்தார்கள். ஸ்டாண்டு விரலை வைத்து அழுத்தினார். விரலின் ஆட்டம் கேமராவுக்குள் போய் முக்காலியின் கால்வரை இறங்கியது. கோடு. அழுத்தியபின் இரண்டு வினாடி கழித்துத் தானாக எடுக்கும்படி வைத்தார். கோடு போனது. ஆனால் முகமும் போனது.

"நல்லா சிரிங்க" என்றால் சிரிக்கிற முகம் அவருக்கு வேண்டாம். அவர் பேசிக்கொண்டே இருப்பார், சுற்றிக்கொண்டே இருப்பார். உட்கார்ந்திருப்பவர் தன்னை மறந்து ஏதோ சொல்ல வருகிற அந்தக் கணத்தில் அழுத்துவார். பேனல்காரருக்குப் பிடித்ததும் அதுதான். அந்தக் கணம் இரண்டு வினாடி காத்துக்கொண்டிருக்காது.

"என்ன சார், பொணத்துக்கு எடுக்கற மாதிரி எடுக்கறீங்க?" என்றாள் தையல்காரி. "எப்பவும் நாலு வார்த்தை பேசுவீங்களே?"

"கேமரா பெட்டி பக்கத்துலயே நிக்கணும்மா, பள்ளிக்கூட வாத்தியார் மாதிரி."

ஷட்டரை அறுபதிலிருந்து ஐந்நூறுக்கு ஏற்றினார்கள். கதவு அவ்வளவு சீக்கிரம் மூடினால் கை ஆட நேரமில்லை. வெளிச்சம் வரவும் நேரமில்லை. படம் இருண்டது. இருட்டைச் சரிக்கட்ட கேமராவின் ஐஎஸ்ஓவை, அதாவது வெளிச்சத்தைப் பெருக்கிக் காட்டும் அளவை, ஏற்றினால் முகமெல்லாம் ரவை கொட்டினதுபோல் பொரிந்தது. அதற்கும் மேனேஜரின் அந்தப் பாரத்தில் ஒரு கட்டம் இருந்தது. லென்ஸின் துளையை அகலத் திறந்தால் வெளிச்சம் வரும். ஆனால் கண் தெளிவாக இருக்கும்போது காது கரைந்துபோகும். ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் குறைகிற போர்வை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஏதோ ஒன்று வெளியே கிடந்தது.

தையல்காரி போன பிறகு ஸ்டாண்டு கேமராவை முக்காலியிலிருந்து கழற்றினார். திருகைக் கழற்ற மூன்று தடவை விரல் வழுக்கியது. அவள் உதவிக்குப் போகவில்லை. போகாமலிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

"பேனல்காரருக்குப் போன் போட்டுச் சொல்லிடு" என்றார். "வேன வேற ஸ்டுடியோவுக்கே அனுப்பச் சொல்லு. நாம அடையாள அட்டைப் படம் எடுப்போம். அது நல்லாத்தானே வருது."

அவள் போனைக் கையில் எடுத்தாள். எண்ணைத் தட்டவில்லை.

"அது ஏங்க நல்லா வருது?"

"எது?"

"அட்டைப் படம். அதே கை. அதே கேமரா. அந்தப் பொண்ணுக்கு ஒரே நாள்ல ரெண்டும் எடுத்தீங்க. அதுல ஏன் புள்ளி புள்ளியாவே இருக்கு? முந்தாநாள்லேருந்து இதையேதான் கேட்டுக்கிட்டிருக்கேன். நடுவுல உங்க கை வந்து எல்லாத்தையும் மறைச்சிடுச்சு."

அவர் உடனே பதில் சொன்னார். அவருக்கு முன்பே தெரிந்திருந்தது. "அங்க பிளாஷ்ல எடுக்கறோம். பிளாஷ் ஆயிரத்துல ஒரு பங்கு நேரந்தான் எரியும். கதவு அதுக்கு முன்னயும் பின்னயும் திறந்துதான் கிடக்கும், ஆனா அப்ப பதியற அளவு வெளிச்சம் கிடையாது. வெளிச்சம் இருக்கற அந்த இமைப்பொழுதுக்குள்ள கை எவ்வளவு தூரம் போயிடும்? அதான் எல்லாரையும் அங்கயே அனுப்பிக்கிட்டிருந்தேன்."

"அப்போ இங்கயும் பிளாஷ் வைங்க."

"வெச்சா அது ஜன்னல் வெளிச்சம் இல்ல. மூஞ்சிக்கு நேரா சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கும். அவர்தான் வேணாம்னுட்டாரே. எனக்கும் வேணாம்."

"மூஞ்சிக்கு நேரா எதுக்கு வெக்கணும்?" அவள் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு கேட்டாள். "ஜன்னல் வெளிச்சம் எங்கேருந்து வருது?"

"வெளியேருந்து."

"அங்க வெச்சா?"

அவர் ஜன்னலைப் பார்த்தார். அதற்கு அப்பால் சந்து, மேலே தகரம், தகரத்தின் ஓரத்தில் மழை கம்பி கம்பியாக இறங்கியது. ஆனால் உள்ளே ஒரு ஆள் நிற்கிற அளவுக்குக் காய்ந்த இடம் இருந்தது.

முன்பக்க அட்டைப்பட அறையின் பெரிய பிளாஷை அவள்தான் தூக்கினாள். அதன் கம்பத்தைச் சந்தில் நிறுத்தினார்கள். ஒயர் தரையில் படாமல் ஆணியில் தொங்கவிட்டு, மேலே ஒரு பிளாஸ்டிக் தாள் போர்த்தினார்கள். ஜன்னலுக்கு வெளிப்பக்கம் வெள்ளைப் படுக்கை விரிப்பு ஒன்றைக் கட்டினாள். அது இல்லாவிட்டால் பிளாஷ் ஒற்றைக் கண்ணாக முறைக்கும். இருந்தால் விரிப்பு முழுக்க எரிந்து ஜன்னலே வெளிச்சமாகிவிடும். மேகமும் வானத்துக்கு அதைத்தான் செய்கிறது. பகல் வெளிச்சம் பதியாமல் பிளாஷ் மட்டும் பதியும்படி அவர் துளையைச் சுருக்கி, ஐஎஸ்ஓவை இறக்கினார்.

"யார உட்கார வெக்கறது?" என்றார்.

"நான்தான் இருக்கேனே."

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். காதில் சின்னக் கல் கம்மல். இருபத்தாறு வருஷத்தில் அவர் அவளை இந்த நாற்காலியில் வைத்து எத்தனை தடவை எடுத்திருப்பார்? இரண்டோ மூன்றோ. எப்போதும் அவள் திரைக்குப் பின்னால்தான்.

அவர் முழங்கைகளை விலாவில் அணைத்தார். வழக்கம்போல் பாதி மூச்சை விட்டார். கேமரா அவர் முகத்தின் முன்னால் நடுங்கிக்கொண்டிருந்தது. இவ்வளவு நேரே அவள் அதைப் பார்த்ததில்லை. மரத்தில் தங்கிவிட்ட இலை மாதிரி, நிற்காமல்.

"இந்தா, அப்படிப் பார்க்காத. ஏதாவது பேசு."

"என்ன பேச?"

"திட்டேன். அது உனக்குச் சுலபமா வருமே."

"திட்டத்தான் போறேன். இருங்க, இதெல்லாம் முடியட்டும். ஒரு டாக்டர் வீட்டுக்குப் போறதுக்குக் கல்யாண வேலைன்னு பொய் சொல்லிட்டு, வந்து பந்தி எப்படின்னு வேற கதை விட்டீங்க. நானும் இனிப்பு என்ன போட்டாங்கன்னு கேட்டுக்கிட்டு..."

ஜன்னல் ஒரு கணம் வெளுத்து அணைந்தது.

இருவரும் கணினிக்குப் போனார்கள். அவள் படத்தைத் திறந்து நூறு பர்சென்டுக்குக் கொண்டுபோனாள். காதுக்கு நகர்த்தினாள்.

கம்மல் கல் புள்ளியாக இருந்தது.

கன்னத்தில் வெளிச்சம் பக்கவாட்டிலிருந்து மெதுவாகச் சரிந்து நிழலுக்குள் போயிருந்தது. மழைநாள் ஜன்னலேதான். அவள் படத்தைக் கண்ணுக்கு நகர்த்தினாள். கருவிழிக்குள் சதுரமாக ஜன்னல்; ஜன்னலின் குறுக்குக் கம்பிகள்; அதன் ஓரத்தில் கேமராவைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒரு ஆள், எறும்பளவில். பழைய கேமராவில் இது ஒரு கறையாகத்தான் விழுந்திருக்கும். அறுபது மெகாபிக்சலில் ஆளின் முழங்கைகூடத் தெரிந்தது. ஆள் ஆடாமல் நின்றிருந்தார்.

அவர் ரொம்ப நேரம் அந்தக் கண்ணையே பார்த்தார். "நூறு பர்சென்ட்ல நான் நல்லாத்தான் இருக்கேன்" என்றார்.

"என்னங்க, இன்னும் கொஞ்ச நாள்ல கேமராவையே தூக்க முடியாம போச்சுன்னா?"

"அதுக்குப் பிளாஷ் இல்ல."

அவள் எழுந்துபோய் டீ போட்டாள். அவருக்கு அரை டம்ளர். வந்து ஒரு தாளை எடுத்து, நாளைக்கு வேன் வருவதற்குள் மறந்துவிடாமலிருக்க எழுதி, ஜன்னல் சட்டத்தில் ஒட்டினாள்:

பிளாஷ் ஜன்னலுக்கு வெளியே, சந்தில், நாலடி தள்ளி. ஜன்னலில் வெள்ளை விரிப்பு, ஒற்றையாக. உள்ளே விளக்கு எதுவும் கூடாது. ஐஎஸ்ஓ நூறு. துளை எட்டு. ஷட்டர் நூற்று அறுபது. கையில் பிடித்தே எடுக்கலாம்.